எலும்பைக் கரைப்பது எப்படி?

வாழ்த்துகள். முப்பதைத் தாண்டிவிட்டீர்கள். சட்டையில் நாலாவது பட்டன் மட்டும் திணறுகிறது; கைக்கடிகாரமோ மணிக்கட்டில் லொடலொடவென்று ஆடுகிறது. இந்தப் பயிற்சியில் சேர இதற்குமேல் தகுதி தேவையில்லை. கட்டணமும் கிடையாது. வீட்டுப்பாடத்தில் முக்கால்வாசியை நீங்களே முடித்து வைத்திருப்பதால் எனக்கும் வேலை குறைவு.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு. எலும்பில் சேர வேண்டிய சத்தெல்லாம் முப்பது வயதை ஒட்டிச் சேர்ந்து முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் ரிட்டயர் ஆன ஆள்: வருமானம் நின்றுபோயிற்று, கையிருப்பிலிருந்துதான் செலவு. சிக்கனக்காரர் தொண்ணூறு வரை ஓட்டிவிடுவார். உங்களை அறுபதிலேயே முடித்துவைப்பது என் பொறுப்பு. பெண்களுக்கு இயற்கையே ஒரு சலுகை தருகிறது: மாதவிடாய் நின்ற ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி இருபது சதவீதம் வரைகூடக் குறையலாம். ஆண்கள் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டும். மனம் தளர வேண்டாம்.

1. குண்டாக இருந்தால் எலும்பு கெட்டி என்று நம்புங்கள்.

எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் இந்த நம்பிக்கைதான். இதில் ஒரு சௌகரியம், பாதி உண்மை. ஒல்லியான கிழவிகளுக்குத்தான் இடுப்பெலும்பு அதிகம் முறிகிறது. எடை கூடியவர்களுக்கு எலும்பு அடர்த்தியும் கூடியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சுமக்கச் சுமக்க எலும்பு உரமேறும் என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவைத்துவிட்டார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடம்பில் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சமாவது உற்பத்தியாவது பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான். இத்தனையையும் மனப்பாடம் செய்யுங்கள். தொப்பையைப் பற்றி வீட்டில் யாராவது வாயெடுத்தால், "எல்லாம் எலும்புக்குப் பாதுகாப்புடி" என்று தட்டிக் காட்டுங்கள்.

மீதிப் பாதியை ஒருமுறை மட்டும் சொல்கிறேன், தெரிந்தால்தானே அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம். எடை வேறு, கொழுப்பு வேறு. எலும்பை இழுத்து, முறுக்கி, உரமேற்றுவது தசை. ஒரே எடையுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், கொழுப்பு விகிதம் கூடியவருக்கே எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மறந்துவிடுங்கள். அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கொழுப்பைச் சரியான இடத்தில் சேருங்கள்.

தொடையிலும் பின்பக்கத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவாகத் தொல்லை தராது. அதனால் நமக்குப் பிரயோஜனமில்லை. வயிற்றுக்குள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிய வேண்டும். அந்தக் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காது. அழற்சியை மூட்டும் வேதிப்பொருள்களை ரத்தத்தில் ஓயாமல் கசியவிடும். எலும்பை அரிக்கும் செல்களை உசுப்பிவிடுவது அவற்றின் முழுநேர வேலை.

நம் ஆட்களுக்கு இது பிறவியிலேயே கைவந்த கலை. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினோடு சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. இருவரும் ஒல்லி. இருவருக்கும் உடல் நிறை குறியீடு அச்சு அசலாக 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றி யாஜ்னிக் சொன்னது இதுதான்: இந்தியனின் ஒல்லித்தனத்தை நம்பாதே. நீங்கள் நம்புங்கள்.

நம்ப உதவும் கருவி எடை மிஷின். அதை ஹாலில் வையுங்கள், தையல் டேப்பைப் பரணில் போடுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்குமேல் இடுப்பைச் சுற்றிப் போனால் ஆபத்து என்று ஒரு கணக்கு இருக்கிறது. டேப் இல்லாத வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. பேண்ட் வாங்கப் போகும்போது ஜாக்கிரதை. கடைப் பையன் கண்ணாலேயே அளந்து, "சார், முப்பத்தெட்டு எடுத்துடலாமா?" என்பான். விடாதீர்கள். "காலேஜ்ல இருந்தே முப்பத்திநாலுதான் தம்பி" என்று சொல்லி, ட்ரையல் ரூமுக்குள் போய், மூச்சை உள்ளே இழுத்து, தொப்பைக்கு அடியில் இறக்கிக் கட்டுங்கள். சுலபமாகப் பூட்டிக்கொள்ளும். மேலே வழிவது பேண்ட்டின் கணக்கில் வராது. அவன் கண்ணாடியைப் பார்ப்பான், உங்களைப் பார்ப்பான், "கரெக்டா இருக்கு சார்" என்பான். அவனுக்கும் இன்னும் பத்து கஸ்டமர் இருக்கிறார்கள்.

கையும் காலும் மட்டும் குச்சியாகவே இருக்கட்டும். அதுதான் நம் முத்திரை.

3. உட்காருங்கள்.

உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காதீர்கள்.

எலும்பைக் காய்ந்த கட்டை என்று நினைத்திருப்பீர்கள். ஒருபுறம் அரிக்கும் செல்கள், மறுபுறம் கட்டும் செல்கள் என்று இருபத்திநாலு மணி நேரமும் அங்கே மராமத்து நடக்கிறது. வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்புக்கூடு புதிதாகிறது. மஜ்ஜைக்குள் சில தாய்செல்கள் இருக்கின்றன. எலும்பு கட்டும் கொத்தனாராகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். எதுவாக ஆவது என்று அவற்றுக்குச் சாடை காட்டுபவற்றில் ஒன்று, எலும்பு மேல் விழும் அழுத்தம். குதித்தால், ஏறினால், தூக்கினால் அவை கொத்தனார் பக்கம் சாயும். சோபாவில் சாய்ந்தால் கொழுப்புப் பக்கம். இப்படியே போனால் தொப்பை வெளியே மட்டும் இருக்காது. எலும்புக்குள்ளேயும் ஒன்று வளரும். அதை எந்த டெய்லரும் கண்டுபிடிக்க முடியாது.

செயல்முறை: ரிமோட் கை எட்டும் இடத்தில். தண்ணீர் கேட்டால் வரும், கேளுங்கள். மின்விசிறியைக் கூட்ட ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போடுங்கள். மாடியில் இருக்கும் மகன் இறங்கி வருவான். (அவன் எலும்பு பலப்படுவது வருந்தத்தக்க பக்கவிளைவு.) முதல் மாடிக்கு லிஃப்ட். லிஃப்ட் பழுதென்றால் அசோசியேஷன் செயலாளரோடு அரை மணி நேரம் சண்டை, நாற்காலி போட்டுக்கொண்டு.

எடையற்ற விண்வெளியில் மாசக்கணக்கில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் ஒன்று, ஒன்றரை சதவீதம் கரைகிறது. அதைத் தடுக்க அந்த அப்பாவிகள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அவர்கள் வேகம் நமக்கு வராது. ஆனால் திசை அதுதான், ராக்கெட் செலவும் இல்லை.

4. வெயிலை ஏமாற்றுங்கள்.

காலை ஆறு மணிக்கு வாக்கிங் போங்கள். முழுக்கை சட்டை, தொப்பி, கழுத்துவரை ஜிப். "வைட்டமின் டி-க்காகத்தான் வர்றேன்" என்று எதிரே வருபவரிடம் சொல்லுங்கள். தோலில் வைட்டமின் டி தயாராகத் தேவையான புற ஊதா பி கதிர் அந்நேரத்தில் அனேகமாகத் தரைக்கு வந்து சேர்வதில்லை. பதினொரு மணிக்கு மேல்தான் நன்றாக வருகிறது. அப்போது நீங்கள் ஏசி அறையில், ஸ்கிரீனை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். பிரமாதம்.

தப்பித்தவறி உடம்பில் சேர்கிற கொஞ்சத்தையும் தொப்பை பார்த்துக்கொள்ளும். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. கொழுப்பு மிகுந்த உடம்பில் அது அங்கேயே பரவித் தங்கிவிட, ரத்தத்தில் அளவு குறைகிறது. அதனால்தான் பருமனானவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்குகூட மருந்தளவு தேவைப்படலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். நீங்கள் பக்கத்து சீட் ஒல்லிக்காரரின் மருந்துச்சீட்டையே வாங்கி அதே அளவைப் போடுங்கள். வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் சாஷேயை இரண்டாவது வாரத்தோடு நிறுத்தலாம், அல்லது டாக்டரை மறுபடி பார்க்காமல் மூன்று வருஷம் சாப்பிடலாம். இரண்டும் நம் பாடத்திட்டத்தில் உண்டு.

5. சாப்பாடு.

இதில் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. சோற்று மலை, அதன் அடிவாரத்தில் ஒரு கரண்டி சாம்பார், அதில் பருப்பு இருந்ததற்கான தடயம். புரதம் என்பது ஜிம் பையன்கள் சமாசாரம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டதும், "ஆடி மாசம் கூழ் குடிச்சோமே" என்று திருப்திப்படுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். நீங்கள் பாலை டபரா அளவில், டிகாக்ஷனுக்கு நிறம் மாற்ற மட்டும் உபயோகிக்கிறீர்கள். அப்பளம், வடகம், ஊறுகாய், மோர் மிளகாய் நாலும் தட்டில் இருக்கட்டும்: உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே வெளியேறும். சனிக்கிழமை ராத்திரி ஒரு குவார்ட்டர் என்றால் தொப்பைக்கும் ஆச்சு, வீட்டுப் படியில் தடுக்கி விழவும் ஆச்சு.

6. திடீரென்று இளைத்துக் காட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் மெதுவாக வேலை செய்யும். அவசரக்காரர்களுக்கான வழி இது. என் மாணவர்களில் சிறந்தவர்கள் எல்லாம் இந்தப் படியில்தான் தங்கப் பதக்கம் வாங்கினார்கள்.

மகள் கல்யாணம் தை மாசம். மண்டபத்து வாசலில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். புரட்டாசியில் கண்ணாடி முன் நின்று முடிவெடுங்கள்: பன்னிரண்டு கிலோ. காலையில் சுரைக்காய் ஜூஸ், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி "பசிக்கல". முட்டை, பருப்பு, தயிர் எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்துத் தள்ளிவையுங்கள், வேறுபாடு பார்க்காதீர்கள். வெயிட் தூக்குவது, தண்டால், உட்கார்ந்து எழுவது எதுவும் வேண்டாம். ஜூஸ் போதும்.

எடை இறங்கும். கூடவே தசை இறங்கும். எடையில் பத்து சதவீதம் போனால் இடுப்பெலும்பு அடர்த்தியில் ஒன்றிரண்டு சதவீதம் போவது வழக்கம். 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய பருமனான 160 பேரை வைத்துச் செய்தது. டயட்டோடு நடை மாதிரியான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி 3 சதவீதம் குறைந்தது. அதே டயட்டோடு எடை தூக்கியவர்களுக்கு வெறும் 0.5 சதவீதம். எந்தக் கோஷ்டியில் சேருவது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்தில் எல்லோரும் கேட்பார்கள். "என்னண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க! சுகர் ஏதும் இருக்கா?" பெருமையாகச் சிரியுங்கள். அடுத்து விருந்து, மறுவீடு, தலை தீபாவளி, வளைகாப்பு. போன பன்னிரண்டு கிலோவும் வட்டியோடு திரும்பி வரும். ஆனால் வருவது பெரும்பாலும் கொழுப்பாக, வயிற்றுக்கே வரும். போன எலும்பு பெரும்பாலும் முழுசாகத் திரும்புவதில்லை. சின்ன மகள் இருக்கிறாளா? மறுபடி ஒரு சுற்று செய்யலாம்.

மிதமிஞ்சிப் போகிறவர்களுக்கு இன்னொரு பரிசும் உண்டு. சாப்பாட்டை அறவே வெறுத்து எலும்பும் தோலுமாகும் நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடம்பு முழுக்கக் கொழுப்பு வற்றியிருக்க, எலும்பு மஜ்ஜைக்குள் மட்டும் அது கூடியிருந்தது. வெளியே விரட்டினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் பொருள் அது. கொழுத்தாலும் சரி, காய்ந்தாலும் சரி, முறையாகச் செய்யாவிட்டால் நம் லட்சியம் கைகூடும். என் பயிற்சியின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இந்தத் தகவலைப் படித்த பிறகுதான்.

7. கனமான எதையும் தொடாதீர்கள்.

"வெயிட் தூக்குனா மூட்டு போயிரும்" என்று ஆண்களும், "ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்" என்று பெண்களும் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை. ரோஸ் கலரில் ஒரு கிலோ டம்பெல் ஜோடி ஒன்று வாங்கி, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், நிஜமான கனத்தைத் தூக்கவைத்தார்கள். எட்டு மாதம். 2018-ல் முடிவு வந்தது: தூக்கியவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியிருந்தது, வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குச் சற்றுக் குறைந்திருந்தது. ஒரு நல்ல ஜிம் உங்கள் தெருமுனையில் திறந்தால் என்ன செய்வீர்கள்? ஆண்டுச் சந்தா கட்டுவீர்கள். அத்தோடு சரி. அது போதும், அதற்குமேல் நான் கவலைப்படவில்லை.

8. மாத்திரை.

"உடம்பு கொஞ்சம் தேறுற மாதிரி ஏதாச்சும் குடுங்கண்ணே" என்று மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்டு, கிடைப்பதை விழுங்குங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அதிர்ஷ்டம். முகம் உப்பும், வயிறு உப்பும், கைகால் மெலியும், எலும்பு முதல் சில மாதத்திலேயே கரையத் தொடங்கும்: இரண்டாம் படியில் நாம் வருஷக்கணக்காக உழைத்துச் சாதிக்க நினைத்த அதே உருவம். மூட்டுவலிக்குப் பேர் போடாத பொட்டலத்தில் வரும் பொடியும் சிலசமயம் இதே வேலையைச் செய்யும். ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ டாக்டரே ஸ்டீராய்டு எழுதியிருந்தால், எலும்புக்கு என்ன பாதுகாப்பு என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

9. இலவச முகாமில் மட்டும் பரிசோதியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் மேஜைக்குத் துணி போர்த்தி, பிளாஸ்டிக் ஸ்டூல் நாலு. "செருப்பைக் கழட்டுங்க அங்கிள்." குதிகாலில் சில்லென்று ஜெல். காலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள். அரை நிமிஷம். பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டையோடு துண்டுச்சீட்டு நீட்டுவார்கள், கூடவே கால்சியம் மாத்திரை சாம்பிள் ஒரு அட்டை. பச்சையா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், ஆயுளுக்கும் செல்லும். சிவப்பா? மெஷினே சரியில்லை என்று சொல்லி, மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குதிகாலில் அல்ட்ராசவுண்ட் வைப்பது வேறு, இடுப்பையும் முதுகெலும்பையும் டெக்சா ஸ்கேன் எடுப்பது வேறு. அடர்த்தி மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) என்ற எல்லை டெக்சாவுக்கு வகுத்தது. இந்த வித்தியாசத்தை யாரும் உங்களுக்கு விளக்க இடம் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு டபுள் சந்தோஷம். டைப் 2 நீரிழிவில் டெக்சாவே நல்ல எண்ணைக் காட்டும், பல நேரம் மற்றவர்களைவிட உசத்தியாக. முறிவு மட்டும் அதிகம். அடர்த்தி இருந்தும் எலும்பின் தரம் கெட்டிருப்பதால் அப்படி. ஆகவே ரிப்போர்ட்டைப் பாருங்கள், மகிழுங்கள், ஒரு லட்டு சாப்பிடுங்கள்.

10. விழுங்கள்.

பாத்ரூம் வாசலில் சணல் மிதியடி, அடியில் ரப்பர் இல்லாதது. ராத்திரி லைட் போடாமல் போங்கள், கரண்ட் மிச்சம். பிருஷ்டத்தில் கொழுப்பு மெத்தை இருப்பதால் இடுப்பு ஒருவேளை தப்பிக்கலாம். முதல் படியின் பாதி உண்மை அங்கே கைகொடுக்கும். ஆனால் பத்து நாடுகளில் 55 வயது தாண்டிய பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2011-ல் சொன்னது: பருமனான பெண்களுக்குக் கணுக்காலும் தொடையெலும்பும் மற்றவர்களைவிட அதிகம் முறிகின்றன. விழும்போது அந்த எடை முழுக்க எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்.

கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு. ஐம்பதை ஒட்டிய வயதில், நின்ற நிலையில் இருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால் எலும்பு பலவீனமாக இருக்கக்கூடும் என்று அர்த்தம். இடுப்பு முறிவதற்குப் பல வருஷம் முன்பே வரும் தந்தி அது. எலும்பு டாக்டரிடம் போங்கள், எக்ஸ்ரே எடுங்கள், மாவுக்கட்டு போடுங்கள். "ஏன் உடைந்தது?" என்று நீங்களும் கேட்காதீர்கள், அவரைக் கேட்கவும் விடாதீர்கள். "மிதியடி வழுக்கிருச்சு டாக்டர்." அவ்வளவுதான். வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கும் அது போதும்.

"ஆறு வாரத்துக்கு இந்தக் கையால கனமா எதையும் தூக்காதீங்க" என்பார். ஆறு வாரம் என்பதைக் காதில் வாங்காதீர்கள். கட்டுப் பிரித்ததும் சோபாவுக்குத் திரும்பி, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அறிவியுங்கள்: "டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. இனிமே நான் எதையும் தூக்கக் கூடாதாம். அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடு."